தாழிக்குள் இருந்த மண்

புறநானூற்றில் இரண்டு பாடல்கள் குயவனை நோக்கிப் பேசுகின்றன. ஒன்று, சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. இத்துணைப் பெரும்புகழ் கொண்டவனைக் கவிப்பதற்கு எவ்வளவு பெரிய தாழியை வனைவாய் என்று புலவர் குயவனுக்காக இரங்குகிறார். மற்றொன்று பெயர் தெரியாத புலவர் ஒருவருடையது. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தரும்படி வேண்டுகிறாள். மணிமேகலையோ சுடுகாட்டை வருணிக்குமிடத்து இறந்தோரைச் சேர்க்கும் முறைகளாக ஐந்தினைக் கூறி, தாழியில் கவித்தலை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது.

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் இப்பாடல்கள் பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கின்றன. அவற்றின் அவலச் சுவையைப் பற்றி அன்பர்கள் பலரும் நயம்படப் பேசியுள்ளனர். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் தாழியை வனைந்த கையையும் அதனைக் கேட்டு அழுத வாயையும் பற்றிப் பேசிய அளவுக்கு, தாழிக்குள் கிடப்பவரைப் பற்றி நாம் பேசியதில்லை. அவர் என்ன உண்டார்? எந்த ஆண்டில் பசித்திருந்தார்? எத்தனை சுமை சுமந்தார்? அவர் காலத்தில் இந்த நிலம் எப்படி இருந்தது? இவ்வினாக்களுக்கு விடை காணும் துறை ஒன்று உலகில் வளர்ந்திருக்கிறது. பழஞ்சூழலையும் மனித எலும்பையும் ஒருங்கே வைத்து ஆராய்வது அத்துறையின் இயல்பு. நம் மாவட்டத்து மண்ணில் அந்த ஆய்வு எவ்வாறு தொடங்கி, எங்கே பிரிந்து, இன்று எங்கே நிற்கிறது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன், என் பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் விரிவுரையாளராகப் பணியில் சேர்ந்த புதிது. கழுகுமலைக்கு வடக்கே ஒரு சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, ஒரு நாள் துணிப்பையில் ஒரு சிறு பானையைக் கொண்டுவந்தாள். அவள் தந்தை புஞ்சையில் வரப்பு வெட்டும்போது பெரிய தாழி ஒன்றின் விளிம்பு தட்டுப்பட்டிருக்கிறது. மண்வெட்டி பட்டுத் தாழி உடைந்துபோயிற்று. அதற்குள் இருந்த சிறு பானை மட்டும் முழுதாகக் கிடைத்தது. உள்ளே கருப்பும் சிவப்புமாக, வாய்வரை மண் இறுகியிருந்தது. மண்ணுக்குள் சில எலும்புச் சில்லுகளும் இரண்டு பற்களும் தெரிந்தன. "மதமதக்கத் தாழின்னு ஊர்ல சொல்றாங்கம்மா" என்றாள் மாணவி. சாகாமல் வயது முதிர்ந்து சுருங்கிப்போனவர்களை உணவும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் இறக்கினார்கள் என்று நம் பக்கத்தில் வழங்கும் கதையையும் சொன்னாள்.

எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. நானும் நான்கைந்து மாணவியரும் கல்லூரியின் பின்புறக் குழாயடிக்குச் சென்றோம். தேங்காய் நாரால் பானையை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினோம். கரிய நீர் வாய்க்காலில் ஓடியது. பானை பளபளத்தது. எலும்புச் சில்லுகள் ஊறிப் பொடிந்துபோயின. பற்களைப் பஞ்சு விரித்த ஒரு வளையல் பெட்டியில் வைத்தோம். துறையின் கண்ணாடி அலமாரியில் பானையை வைத்து, "முதுமக்கள் தாழிப் பானை, சங்க காலம்" என்று அட்டையில் எழுதினேன். சங்க காலம் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சான்று, எனக்குச் சங்க இலக்கியம் பிடிக்கும் என்பதுதான்.

மூன்றாண்டுகள் கழித்து ஒரு புத்தொளிப் பயிற்சியில் தொல்லியலாளர் ஒருவரிடம் இப்பானையைப் பற்றிப் பெருமையுடன் சொன்னேன். அவர் பானையின் வடிவத்தைக் கேட்கவில்லை, வண்ணத்தையும் கேட்கவில்லை. "உள்ளே இருந்த மண் எங்கேம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. அக்கேள்வியின் பொருளை அறிந்துகொள்ள முயன்றதன் விளைவே இக்கட்டுரை எனலாம்.

மண்டையோட்டிடம் கேட்கப்பட்ட கேள்வி

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த ஆதிச்சநல்லூர்ப் பறம்பு ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புடைய ஈமக்காடு. 1876ஆம் ஆண்டு பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் என்பார் இங்கே அகழ்ந்தார். மட்கலங்கள், இரும்புக் கருவிகள், எலும்புகள், மண்டையோடுகள் ஆகியவற்றைத் திரட்டித் தம் நாட்டு அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரையான ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ பல பருவங்கள் அகழ்ந்தார். இடையில் 1903இல் பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக்கும் வந்து தோண்டினார். ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும், விலங்கு உருவங்கள் அமைந்த வெண்கல மூடிகளும், இரும்பு வேல்களும் வாள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றின் விரிவான பட்டியல் 1915இல் நூலாக வெளிவந்தது.

எலும்புகளின் கதை வேறு. அக்காலத்து அறிவுலகை ஆட்டிப்படைத்த வினா ஒன்றே: இவர் எந்த இனத்தவர்? ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை எடுத்து நீளத்தையும் அகலத்தையும் அளந்தார்கள். மூக்கெலும்பின் அகலம், கண்குழியின் உயரம், தாடையின் முன்தள்ளல் யாவும் எண்களாயின. 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாகச் சக்கர்மன் எழுதிய அறிக்கை வந்தது. 1963இல் இந்திய மானிடவியல் அளவைத் துறைக்காகச் சட்டர்ஜியும் குப்தாவும் எழுதிய அறிக்கை வந்தது. அவற்றின் மையத்தில் நின்றது இனப்பாகுபாடே. ஆஸ்திரேலியக் கூறு இவ்வளவு, மத்தியதரைக் கூறு இவ்வளவு என்று இறந்தவரைப் பங்கிட்டார்கள்.

இவ்வறிக்கைகளை எழுதியோரைக் குறைகூறுதல் என் கருத்தன்று. அவர்கள் தம் காலத்துக் கருவிகளைக் கொண்டு தம் காலத்து வினாவைக் கேட்டார்கள். ஆயினும் அவ்வினாவின் அடித்தளம் அப்பொழுதே அசைந்திருந்தது. அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத் தலையின் வடிவம் பெற்றோரிடமிருந்து சிறிது வேறுபடுகிறது என்பதைப் பிரான்சு போவாசு 1911ஆம் ஆண்டளவிலேயே அளந்து காட்டியிருந்தார். உணவும் வளரும் சூழலும் எலும்பைத் தொடுகின்றன; எலும்பு என்பது இனத்தின் அழியா முத்திரை அன்று. தெற்காசிய எலும்புகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கென்னத் கென்னடி போன்ற அறிஞர்கள் பிற்காலத்தில் இனப்பாகுபாட்டு முறையையே கைவிடச் சொன்னார்கள். நம்மிடையோ ஆரியர், திராவிடர் என்ற வாதத்தில் இரு தரப்பாரும் மண்டையோட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதை இன்னும் விட்டபாடில்லை.

இவற்றுக்கு நடுவே ரீ எழுதிவைத்த ஒரு குறிப்பு கவனிக்கப்படாமலே கிடந்தது. தாழிகளுக்குள் இருந்த பல சிறு பானைகளில் நெல்லின் உமியும் சிறுதானிய உமியும் மிகுதியாகக் காணப்பட்டன என்று அவர் பதிவு செய்திருக்கிறார். உலோகத்தை ஒட்டிக்கிடந்த இடங்களில் துணியின் சுவடும் எஞ்சியிருந்தது. இறந்தவர் உண்ட சோறும் உடுத்த துணியும் அவரருகிலேயே இருந்திருக்கின்றன. அந்த உமியை ஆராயும் முறை அன்று இல்லை. மண்டையோட்டை அளக்கும் முறை இருந்தது. ஆகவே மண்டையோடு நூலாயிற்று. உமி ஒரு வரியாயிற்று.

தேரி மணலை வாசித்தவர்

ஆதிச்சநல்லூருக்குக் கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் தேரிக்காடு. குருதி தோய்ந்ததுபோன்ற செம்மணல் மேடுகள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி போன்ற ஊர்களை ஒட்டிய இத்தேரிகளைப் பற்றி 1883இலேயே நிலவியலாளர் புரூசு ஃபூட் எழுதியுள்ளார். அங்கே கிடைக்கும் நகத்தளவான சிறு கற்கருவிகள் ஆய்வாளர் பலரை ஈர்த்தன. எனினும் கருவிகளைவிட மணலை உற்று நோக்கியவர் ஃபிரெடரிக் சாய்னர்.

1905இல் பெர்லினில் பிறந்து, 1930களில் இங்கிலாந்தில் குடியேறிய சாய்னர், இலண்டன் தொல்லியல் நிறுவனத்தில் சூழல் தொல்லியலுக்குப் பேராசிரியராக விளங்கினார். சூழல் தொல்லியல் என்ற பெயரே புதிதாக இருந்த காலம் அது. நிலவியலும் புதைபடிவ இயலும் கற்றுத் தொல்லியலுக்கு வந்தவராதலின், மனிதன் விட்டுச்சென்ற பொருளுக்கு முன்னே அவன் நின்ற தரையைப் படிக்க வேண்டும் என்பது அவர் துணிபு. அவரும் பிரிட்ஜெட் ஆல்சினும் சேர்ந்து திருநெல்வேலி மாவட்டத்து நுண்கற்கருவி இடங்களைப் பற்றி எழுதிய கட்டுரை, இந்தியத் தொல்லியல் துறையின் 'ஏன்சியண்ட் இந்தியா' இதழின் 12ஆம் எண்ணில் 1956இல் வெளிவந்தது.

அக்கட்டுரையின் போக்கு வியப்புக்குரியது. இம்மணல் ஏன் சிவந்தது என்று அது கேட்கிறது. காற்றில் பறந்துவந்த மணல் ஓரிடத்தில் நிலைபெற்று, செடிகொடி மூடி, நெடுங்காலம் மழையும் வெயிலும் பட்டால்தான் மணலிலுள்ள இரும்பு துருவேறிச் செந்நிறம் கொள்ளும். எனவே இன்று காற்றில் அலையும் தேரி ஒரு காலத்தில் அசையாமல் பசுமை போர்த்திருந்தது. கருவிகள் எந்த மணல் அடுக்கில் கிடக்கின்றன, அப்போது கடல்மட்டம் எங்கே இருந்தது என்று அடுத்து வினவுகிறது. கடல் இன்றைக்கு உள்ளதைவிட உயர்ந்திருந்த காலத்தில், மணல்மேடுகளுக்கு நடுவே களப்புகள் இருந்தன. அவற்றின் கரையில் மீன்பிடித்தும் வேட்டையாடியும் அம்மக்கள் வாழ்ந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினர். கடல்மட்டத்தை வைத்து ஏறத்தாழ கி.மு. 4000 என்று காலமும் கணித்தனர். ஒளியூட்டுக் காலக்கணிப்பு முறை வந்த பின் தேரிகளின் வயது மீண்டும் ஆராயப்பட்டு, மணற்படிவுகள் பல்வேறு காலங்களில் சேர்ந்தவை என்பது தெளிவாயிற்று. கணக்குத் திருத்தம் பெறலாம். கேட்ட முறை நிலைத்துவிட்டது.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். தேரியில் சாய்னர் நிலத்தைப் படித்தார். ஆனால் அங்கே அவருக்குக் கிடைத்தவை கருவிகளே. அவற்றைச் செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. ஆதிச்சநல்லூரில் எலும்பை அளந்தார்கள். ஆனால் நிலத்தைப் படிக்கவில்லை. ஒன்றில் ஆளில்லாத நிலம். மற்றொன்றில் நிலமில்லாத ஆள். ஒரே மாவட்டத்தில், ஒரே நூற்றாண்டில், அதிகத் தொலைவில்லாத இரு இடங்களில் நடந்த இவ்விரு ஆய்வுகளும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை.

தமிழ் படித்த நமக்கு இப்பிரிவு உறுத்த வேண்டும். முதற்பொருள் என்று தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் வைத்தது. அதன் பின்னரே கருப்பொருளும் உரிப்பொருளும். நிலமும் பொழுதும் அறியாமல் மனிதனின் அழுகையைப் பாட முடியாது என்று கண்ட மரபு நம்முடையது. ஆனால் அம்மரபில் வந்தவளாகிய நானே பானையைக் குழாயடியில் கழுவினேன்.

எலும்பும் நிலமும் சேர்ந்த இடம்

இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராட்டிரத்து இனாம்காவ் நல்ல சான்று. புனே மாவட்டத்தில் கோட் ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரும் நம்மைப்போலவே கரிசல் நாட்டைச் சேர்ந்தது. 1968 முதல் 1983 வரை புனே தக்காணக் கல்லூரியினர் இங்கே அகழ்ந்தனர். சங்காலியாவும் தவலிகரும் அன்சாரியும் முன்னின்று நடத்திய அகழாய்வு அது. கி.மு. இரண்டாயிரத்தின் நடுப்பகுதி தொடங்கிச் சற்றேறக்குறைய கி.மு. 700 வரை அங்கே உழவர் வாழ்ந்தனர். இறந்த குழந்தைகளை வாயோடு வாய் சேர்த்த இரண்டு தாழிகளுக்குள் வைத்து, வீட்டுத் தரையின்கீழே புதைத்தனர். அவ்வீட்டுத் தாய் அத்தரையின் மீதே அடுப்பு மூட்டி, அத்தரையின் மீதே படுத்து உறங்கியிருப்பாள்.

கி.மு. 1000க்குப் பின் அவ்வூர் நலிந்தது. பெரிய சதுர வீடுகள் மறைந்து சிறு வட்டக் குடிசைகள் வந்தன. மழை குறைந்து வறட்சி வந்ததே காரணம் என்றார் தவலிகர். நெடுநாள் அக்கருத்தே நிலவியது. பின்னர் அக்குழந்தைகளின் எலும்புகளையும் பற்களையும் லூக்காசு, வாலிம்பே முதலியோர் நுணுகி ஆராய்ந்தனர். குவென் ராபின்சு சுக் என்னும் அறிஞர் 2011இல் வெளியிட்ட நூலில் அவ்வெலும்புகளையும் பழங்காலத் தட்பவெப்பச் சான்றுகளையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தார். பிற்காலக் குழந்தைகளின் உடல் வளர்ச்சி பின்னடைந்திருந்தது உண்மை. ஆனால் வறட்சி ஒன்றையே காரணமாக்குதல் பொருந்தாது. நிலத்தையும் உணவையும் மனிதர் கையாண்ட விதத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது அவர் கருத்து.

இதில் நாம் கற்பதற்குரியது யாதெனில், எலும்பு மட்டும் பேசியிருந்தால் 'இக்குழந்தைகள் நலிந்தவர்கள்' என்று முடிந்திருக்கும். நிலம் மட்டும் பேசியிருந்தால் 'வானம் பொய்த்தது' என்று முடிந்திருக்கும். இரண்டும் பேசியதால்தான் மனிதரின் பொறுப்பு என்ற மூன்றாவது செய்தி வெளிப்பட்டது. வானத்தின்மீது பழியைப் போட்டுவிட்டுக் கண்மாயைத் தூர்ந்துபோக விடும் நமக்கு இச்செய்தி புதிதன்று, உறைக்க வேண்டியது.

பல் சொல்லும் செய்தி

மண்ணோடு சேர்ந்து கிடைக்கும் எலும்பு எவ்வாறு பேசுகிறது என்பதைச் சுருக்கமாகக் கூறுவேன்.

எலும்பு வாழ்நாள் முழுதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பல்லின் மேற்பூச்சாகிய எனாமலோ குழந்தைப் பருவத்தில் ஒருமுறை உருவானால் பின் மாறாது. குழந்தை கடும் காய்ச்சலிலோ பட்டினியிலோ கிடந்தால் அந்நாட்களில் எனாமல் வளர்வது தடைப்பட்டு, பல்லின் குறுக்கே ஒரு மெல்லிய பள்ளக்கோடு விழும். அறுபது வயதில் இறந்தவரின் பல்லில் அவருடைய மூன்று வயதுப் பசி எழுதப்பட்டிருக்கும். நான் வளையல் பெட்டியில் வைத்த அந்த இரண்டு பற்களில் அத்தகைய கோடு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

நெல்லும் பயறும் காற்றிலுள்ள கரியை உள்வாங்கும் முறை ஒன்று. கம்பும் சோளமும் தினையும் கேழ்வரகும் உள்வாங்கும் முறை வேறொன்று. எடையில் சிறிதே வேறுபடும் இருவகைக் கரியணுக்கள் இவ்விரு கூட்டத்துப் பயிர்களிலும் வெவ்வேறு அளவில் சேர்கின்றன. அவற்றை உண்டவரின் எலும்பிலும் பல்லிலும் அவ்வேறுபாடு தங்கிவிடுகிறது. ஆதலால் ஆற்றங்கரையில் நெற்சோறு உண்டவரையும் மானாவாரிக் காட்டில் கம்பங்கூழ் குடித்தவரையும் மூவாயிரம் ஆண்டுக்குப் பின்னும் ஓரளவு பிரித்தறியலாம். நம் வெக்கை நாட்டில் எலும்பின் புரதம் எளிதில் சிதைந்துவிடும். அந்நிலையில் எனாமலே கைகொடுக்கிறது. பிறந்து வளர்ந்த ஊரின் பாறைக்கேற்ப ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமமும் பல்லில் சேரும். அதைக்கொண்டு ஒருவர் பிறந்த மண்ணிலேயே இறந்தாரா, வேற்றூரிலிருந்து வந்தவரா என்றும் கேட்கலாம். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணின் பிறந்தகம் அவள் பல்லிலேயே இருக்கக்கூடும்.

அம்மியிலும் திரிகையிலும் அரைத்த மாவில் கல்துகள் கலந்திருந்தால் பல் தேயும். தலைச்சுமை கழுத்தெலும்பை நசுக்கும். நாள்தோறும் குந்தியிருந்து வேலை செய்தவரின் கணுக்கால் எலும்பில் அதற்குரிய தடம் பதியும். எவர் அரசர், எவர் வீரர் என்று எலும்பு சொல்வது அரிது. எவர் உழைத்தவர் என்று அது தெளிவாகவே சொல்லும்.

எலும்பைச் சுற்றிய மண் இதன் மறுபாதி. கருகிய தானியம், மகரந்தத் துகள், புல்லின் இலையில் உருவாகி இலை மட்கிய பின்னும் அழியாத மணற்சத்துத் துகள், அடுப்புக் கரி, நத்தை ஓடு ஆகியவை மண்ணுக்குள் கலந்திருக்கும். அம்மண்ணை நீரில் கரைத்தால் கருகிய விதைகள் மேலே மிதக்கும். அவற்றை மெல்லிய சல்லடையில் அரித்தெடுப்பர். நம் சங்கரன்கோவில் வட்டாரத்து மாங்குடியிலும், கொடுமணலிலும் பேரூரிலும் இவ்வாறு எடுத்த விதைகளைப் பற்றிக் குக், ஃபுல்லர், க. ராஜன் ஆகியோர் எழுதிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. நானும் நீரில்தான் கரைத்தேன். சல்லடைக்குப் பதில் வாய்க்கால் இருந்தது, அதுவே வேறுபாடு.

தாழியின் மண்ணைக் காத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சிவகளை சான்று. ஆதிச்சநல்லூருக்கு அண்மையில் உள்ள அவ்வூரில் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 2020இல் அகழாய்வு தொடங்கியது. தாழியொன்றில் மண்ணோடு கலந்திருந்த நெல்லை ஆய்வுக்கு அனுப்பியதில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. ஆதிச்சநல்லூரில் மத்தியத் தொல்லியல் துறை 2004, 2005ஆம் ஆண்டுகளில் சத்தியமூர்த்தி தலைமையில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிப்படுத்தியது. அங்கு எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியும் ஏழாம் நூற்றாண்டும் எனப் பின்னர் அறியப்பட்டது. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டின் எலும்புகளில் மரபணு ஆய்வு முயலப்படுகிறது. அங்குக் கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக்கொண்டு இங்கிலாந்தின் லிவர்ப்பூல் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவாக்கிய முகங்களை 2025இல் நாளேடுகளில் கண்டோம்.

இவை யாவும் மகிழ்ச்சிக்குரியன. ஆயினும் ஓர் ஐயம் எனக்குண்டு. பழைய வினா 'எந்த இனம்' என்றிருந்தது. இன்றைய வினா 'எவ்வளவு பழமை' என்றாகிவிட்டது. ஆண்டு எண் கூடினால் மேடையில் கைதட்டுகிறோம். சிவகளையின் நெல்லைப் பற்றிப் பேசிய நம்மவருள் எத்தனை பேர், அது ஆற்றுப்பாய்ச்சலில் விளைந்ததா, குளத்துப்பாய்ச்சலில் விளைந்ததா, யார் நட்டார், யார் குத்தினார், தாழிக்குரியவர் அந்நெல்லை உயிரோடிருந்தபோது உண்டாரா, அல்லது இறந்தபின் மட்டுமே அவருக்கு அது கிடைத்ததா என்று கேட்டோம்? கடைசி வினா கவிஞர்களுக்குரியது. ஆனால் அதற்குரிய விடை பல்லின் எனாமலில் இருக்கிறது.

கரிசல் என்னும் காப்பறை

இனி நம் மண்ணுக்கு வருவோம். கோவிலபட்டியையும் கழுகுமலையையும் சூழ்ந்த கரிசல், தொல்பொருளைக் காப்பதில் விந்தையான குணமுடையது. மழையில் ஊதிப் பெருத்துக் காலைப் பற்றும். கோடையில் சுருங்கி ஆழமாக வெடிக்கும். மேல்மண் வெடிப்பில் விழும். அடுத்த மழையில் அடிமண் புடைத்து மேலேறும். ஏர் தொடாமலே தன்னைத் தான் உழுதுகொள்ளும் மண் என்று இதனைச் சொல்லலாம். ஆகவே இங்கே ஒரு பொருள் கிடக்கும் ஆழத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. நேற்று விழுந்த கண்ணாடி வளையல் துண்டு வெடிப்பின் வழியே இறங்கி, மூவாயிரம் ஆண்டுப் பானையின் அருகே படுத்திருக்கும். ஆண்டுதோறும் நெருக்கியும் தளர்த்தியும் தாழியை உடைப்பதும் இம்மண்ணே. இத்தகைய நிலத்தில் ஒவ்வொரு பொருளையும் அது கிடந்த நிலையிலேயே, அதைச் சுற்றிய மண்ணோடு பார்த்தாலன்றி ஒன்றும் விளங்காது.

ஐந்திணையுள் கரிசலுக்கெனத் தனித்திணை இல்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து தம் இயல்பு இழக்கும்போது பாலை தோன்றும் என்று சிலப்பதிகாரம் கூறியது. ஒரு நிலம் எப்போதும் ஒரே நிலமாய் இருப்பதில்லை என்ற அறிவு அதில் அடங்கியுள்ளது. இக்கரிசற்காடு அத்தாழி மக்களின் காலத்தில் எப்படி இருந்தது? மரமடர்ந்த முல்லையாகவா, ஆடுமாடு மேய்ந்த புல்வெளியாகவா, இன்றுபோல் வானம் பார்த்த புஞ்சையாகவா? விடை நூலில் இல்லை. தாழிக்குள் இறுகிய ஒரு கைப்பிடி மண்ணில் இருக்கலாம்.

இடைசெவலில் பிறந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கண்டார். ஒரு சொல்லை அவர் எடுத்தால் அதைச் சொல்லும் வாய், சொல்லும் வேளை, சொல்லும் தொழில் ஆகிய எல்லாவற்றோடும் எடுத்தார். சொல்லைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைக்கவில்லை. தொல்லியலாளர் இன்று எலும்பிடமும் மண்ணிடமும் செய்ய விரும்புவது அதுவே. அந்த வகையில் அத்துறை நம் வட்டத்துக்கு அந்நியமானதன்று.

நிறைவாக

கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைக் காண வருவோர் அதற்கு அப்பாலுள்ள சமண உருவங்களையும் காண்பர். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த அவ்வுருவங்களின் கீழ் வட்டெழுத்தில் சிறு சிறு கல்வெட்டுகள் உள்ளன. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் இன்னாருக்காகச் செய்வித்த திருமேனி என்பது அவற்றின் பொதுவான வாசகம். அவர்களுள் குரத்தியர் என வழங்கிய பெண் துறவியரும் உண்டு. அன்புக்குரியவரின் பெயர் மறையக்கூடாது என்று விரும்பியவர்கள் பாறையை நாடினார்கள். பாறை பெயரைக் காத்தது. அவர்களுடைய உடல் எங்கே போயிற்று என்று அறியோம்.

மலைமேல் நின்று கீழே நோக்கினால் கண்ணுக்கெட்டியவரை கரிசல். அதற்கடியில் எங்கெங்கோ தாழிகள் கிடக்கின்றன. அவற்றுள் உடல் இருக்கிறது, பெயர் இல்லை. மேலே பெயர்கள், கீழே எலும்புகள். பெயருடையோரைப் பாடப் புலவர் உண்டு. பெயரற்றோர் தம் வாழ்வைத் தம் பல்லிலும் எலும்பிலும் சுற்றியுள்ள மண்ணிலும் மட்டுமே எழுதிவைத்தார்கள். அந்த ஏட்டை நாம் படிக்காமலே கழுவிவிடலாகாது.

அன்பர்களிடம் என் வேண்டுகோள் எளியது. வரப்பு வெட்டும்போதும் கிணறு தோண்டும்போதும் பொக்லைன் மண் அள்ளும்போதும் நம் ஊர்களில் தாழிகள் வெளிப்படுகின்றன. நம்முள் பலர் ஆசிரியர். பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். செய்தி முதலில் நம் காதுக்குத்தான் வரும். அப்போது பானையை எடுக்க வேண்டாம். எடுத்தே ஆகவேண்டுமெனில் கழுவ வேண்டாம். உள்ளிருக்கும் மண்ணைக் கொட்ட வேண்டாம். கிடந்த இடத்தையும் திசையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேராகவோ தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மண்ணுள் கிடைக்கும் பழம்பொருளை ஆட்சியருக்கு அறிவிக்கக் கூறும் சட்டம் 1878 முதலே நடைமுறையில் உள்ளது. நிலம் பறிபோய்விடும் என்ற அச்சத்தால் உழவர் மறைக்கின்றனர். அவர்களோடு அமர்ந்து பேசி அச்சம் நீக்குவது நம்மைப் போன்றோர் செய்யத்தக்க தொண்டு.

அப்பானை இன்றும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. 'சங்க காலம்' என்ற அட்டையைச் சென்ற ஆண்டு நானே எடுத்துவிட்டேன். புதிய அட்டையில், எந்த ஊர்ப் புஞ்சையில் கிடைத்தது என்பதையும், உள்ளிருந்த மண் கழுவப்பட்டுவிட்டது என்பதையும் எழுதியிருக்கிறேன். பற்கள் இரண்டும் அதே வளையல் பெட்டியில் உள்ளன. அவற்றைத் தகுதியுடையோரிடம் சேர்ப்பிக்க முயன்று வருகிறேன். கணவனுக்காகவும் தனக்காகவும் அகன்ற தாழி கேட்ட அப்பெண்ணை இப்போது வகுப்பில் கற்பிக்கும்போது, அவள் குரலோடு நிறுத்திக்கொள்வதில்லை. அவள் என்ன உண்டிருப்பாள் என்றும் மாணவியரைக் கேட்கிறேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடுகிறது. பிறகு எவளாவது ஒருத்தி, "கம்பங்கூழா இருக்கும்மா" என்கிறாள். இருக்கலாம். அறிந்து சொல்லக்கூடிய காலம் வந்துவிட்டது. அதற்குரிய மண்ணை நாம் காத்து வைத்திருக்க வேண்டும்.